சின்னக் கொம்புக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: தீர்க்கதரிசன வகுப்பு நடத்தும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குருவானவர்களுக்கும், சுயாதீன சபைகளின் போதகர்களுக்கும், வேதாகமக் கல்லூரிகளில் தானியேல் புத்தகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

ஆண்டவருடைய நாமத்தில் வணக்கம். நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். 31 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த இரண்டு வேலைகளையும் நான் ஒருபோதும் தனித்தனியாகப் பார்த்ததில்லை. ஆனால் நம் சபைகளில் தானியேல் புத்தகம் திறக்கப்படும்போதெல்லாம் வரலாற்றை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரச் சொல்கிறோம் என்ற வருத்தம் வெகுநாளாக எனக்கு உண்டு. அதை உங்களிடமே சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் விட்டுச்சென்ற வேதாகமத்தில், தானியேல் 7-ஆம் அதிகாரத்தில் நான்காம் மிருகத்தின் தலையில், கடைசிக்காலக் கொடியவன் என்று நம் மேடைகளில் விளக்கப்படும் ‘சின்னக் கொம்பு’ முளைக்கும் இடத்துக்கு நேராக, ஓரத்தில் பென்சிலால் எழுதிய நான்கு பெயர்கள் இருக்கின்றன. முதலில் முசோலினி, அதன்மேல் ஒரு கோடு. அடுத்து ஹிட்லர், அதன்மேலும் ஒரு கோடு. மூன்றாவது ஸ்டாலின், கோடு. நான்காவதாக எழுதியிருக்கும் சதாம் உசேன் மீது மட்டும் கோடு இல்லை. அதை அடிக்கும் நாள்வரை அப்பா உயிரோடு இல்லை. அவர் ஏமாளியல்லர், மிகுந்த பக்தியோடு வாசித்தவர். அந்தந்தக் காலத்தில் மேடையில் நின்றவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். சொன்னவர்கள் தவறிப்போன பிறகு ஒருவரும் திரும்பி வந்து அவரிடம் விளக்கம் சொல்லவில்லை. 1999-இல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், இனி படிப்புக்கும் வேலைக்கும் காலம் இல்லை என்று கேட்டுவிட்டு வந்து, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டை அப்படியே விட்டுவிட்ட என் அக்காள் மகனிடமும் இதுவரை ஒருவரும் வந்து பேசியதில்லை.

அந்தக் கொம்புக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. புத்தகத்தை முதன்முதலில் கையில் வாங்கியவர்களுக்கு அது யார் என்று சொல்ல ஒரு போதகரும் தேவைப்படவில்லை. கி.மு. 175 முதல் 164 வரை சிரியாவிலிருந்து ஆண்ட செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கு அவன். தன்னை ‘எப்பிபான்’, அதாவது வெளிப்பட்ட தெய்வம், என்று அழைத்துக்கொண்டு அதை நாணயங்களிலும் பொறித்துக்கொண்டவன்.

இதை வெறும் ஊகம் என்று எண்ணவேண்டாம். 8-ஆம் அதிகாரத்தில் காபிரியேலே வந்து, இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதியா, பெர்சியா ராஜாக்கள் என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜ்யம் என்றும், அதன் பெரிய கொம்பு முதலாம் ராஜா என்றும், அது முறிந்தபின் முளைத்த நான்கும் நான்கு ராஜ்யங்கள் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். பெரிய கொம்பு அலெக்சாண்டர், அவர் கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்தபின் தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்குகளில் ஒன்றிலிருந்து எழும்பி, அன்றாட பலியை நீக்கி, பரிசுத்த ஸ்தலத்தைத் தள்ளிப்போடுகிற சிறிய கொம்பைத்தான் அதே அதிகாரம் நமக்குக் காட்டுகிறது.

ஆனால் உண்மையில் கண்ணைத் திறப்பது 11-ஆம் அதிகாரம். நம் வகுப்புகளில் அதைத்தான் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். ‘வடதிசை ராஜா’, ‘தென்திசை ராஜா’ என்று மாறிமாறி வரும் அந்த வசனங்களைப் பள்ளிப் பிள்ளைகள் ‘யாரோ யாரோடோ சண்டை போடுகிறார்கள்’ என்று சலிப்போடு வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தெற்கு எகிப்தின் தாலமி வம்சம், வடக்கு சிரியாவின் செலூக்கிய வம்சம், நடுவில் இருதரப்புப் படைகளாலும் மிதிபட்ட சின்ன யூதேயா என்று ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் போதும், அதே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தென்திசை ராஜாவின் குமாரத்தி வடக்கே போவது, இரண்டாம் தாலமியின் மகள் பெரனீக்கே இரண்டாம் அந்தியோக்குவுக்கு மனைவியாகிப் போன கதை. கணவன் இறந்த கையோடு அவளும் அவள் குழந்தையும் கொலையுண்டார்கள். அவள் வேரின் கிளையிலிருந்து ஒருவன் எழும்பி வடக்கே படையெடுப்பது அவளுடைய சகோதரன் மூன்றாம் தாலமி. தென்திசை ராஜா கடுங்கோபங்கொண்டு வெல்வது கி.மு. 217-இல் ரபியாவில். பிறகு கி.மு. 200-இல் பனியாஸ் போரில் மூன்றாம் அந்தியோக்கு வென்றதும் யூதேயா எகிப்தின் கையிலிருந்து சிரியாவின் கைக்கு மாறுகிறது. அவன் தன் மகள் கிளியோபாத்ராவை ஐந்தாம் தாலமிக்குக் கொடுத்ததும், ரோமத் தளபதியால் மக்னீசியாவில் அடிபட்டதும், அவனுக்குப்பின் வந்த நான்காம் செலூக்கு ரோமுக்குக் கப்பம் கட்டப் பணம் தேடித் தன் அதிகாரி எலியோதோரை எருசலேம் ஆலயக் கருவூலத்துக்கு அனுப்பியதும், வசனத்துக்கு வசனம் வரிசை பிசகாமல் வருகின்றன. 21-ஆம் வசனத்தில் நுழையும் ‘அவமதிக்கப்பட்டவன்’தான் நம் ஆள்.

30-ஆம் வசனத்தில் ‘கித்தீமின் கப்பல்கள்’ அவனுக்கு விரோதமாக வருகின்றன. இங்கே கொஞ்சம் நிற்க அனுமதியுங்கள். கி.மு. 168-இல் அந்தியோக்கு எகிப்தை ஏறக்குறைய விழுங்கிவிட்டு அலெக்சாந்திரியாவின் எல்லைக்கு வந்து நிற்கிறான். ரோமிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய தூதர் கையஸ் போப்பிலியஸ் லேனாஸ், படையோடு எகிப்தைவிட்டு வெளியேற வேண்டும் என்ற செனட் சபையின் கட்டளையை அவன் கையில் கொடுக்கிறார். நண்பர்களோடு ஆலோசித்துச் சொல்கிறேன் என்கிறான் அந்தியோக்கு. தூதர் தன் கைத்தடியால் மணலில் அவனைச் சுற்றி ஒரு வட்டம் கீறி, இந்த வட்டத்தைத் தாண்டுமுன் பதில் வேண்டும் என்கிறார். ஒரு பேரரசன் தன் படைக்கு முன்பாகவே பணிந்து, திரும்பிப் போகிறான். ‘கித்தீமின் கப்பல்கள்’ என்ற இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு நேராகவே ‘ரோமர்’ என்று எழுதிவிட்டது. மனம் நொந்து திரும்புகிறவன் பரிசுத்த உடன்படிக்கைக்கு விரோதமாக எரிச்சல் கொள்வான் என்று அதே வசனம் தொடர்கிறது. எகிப்தில் பட்ட அவமானத்தின் கொதிப்பு எருசலேமின்மேல் கொட்டப்பட்டது.

கி.மு. 167-இல் நடந்ததை நம்மில் பலர் வாசித்ததே இல்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்கச் சகோதரர்களின் திருவிவிலியத்தில் உண்டு. நாம் ஆராதனைக்கு எடுத்துப்போகும் வேதாகமத்தில் இல்லை. மல்கியா முடிந்து ஒரு பக்கம் புரட்டினால் மத்தேயு வந்துவிடுகிறது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சுமார் 400 ஆண்டுகள் நமக்கு வெற்றிடம். வெற்றிடத்தில் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து உட்காரவைக்கலாம். முசோலினி வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

அந்த ஆண்டு ஓய்வுநாளை அனுசரிப்பதும், விருத்தசேதனம் செய்வதும், நியாயப்பிரமாணச் சுருளை வீட்டில் வைத்திருப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. மகனுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார், பச்சைக் குழந்தையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கொல்லப்பட்டார்கள் என்று மக்கபேயர் முதல் நூலின் முதல் அதிகாரம் எழுதுகிறது. குகைகளில் ஒளிந்தவர்கள், ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்கமாட்டோம், நுழைவாயிலில் ஒரு கல்லைக்கூட அடுக்கமாட்டோம் என்று இருந்தபடியே ஏறக்குறைய 1000 பேர் மாண்டார்கள். யூதர்களின் கிஸ்லேயு மாதம் (நம் நவம்பர்-டிசம்பர்) 15-ஆம் தேதி எருசலேம் பலிபீடத்தின்மேல் அந்நிய வழிபாட்டின் அருவருப்பு ஏற்றப்பட்டது. ‘பாழாக்கும் அருவருப்பு’ என்று நாம் வாசிக்கிற எபிரெயச் சொற்றொடரே ‘வானங்களின் பாகால்’ என்ற தெய்வப் பெயரைக் கேலியாகத் திரித்த சொல் என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டவுடன் அன்றைய எருசலேம்வாசிக்கு எது என்று புரிந்திருக்கும்.

இந்த மக்களுக்குத்தான் அந்தத் தரிசனங்கள் எழுதப்பட்டன. சிங்கக் கெபியும் அக்கினிச் சூளையுமான முன்பகுதிக் கதைகள் அதற்கு முன்பே வழங்கிவந்தவை. 7 முதல் 12 வரையுள்ள தரிசனங்கள் இந்த நெருப்பின் நடுவில் உருவானவை. இப்படிச் சொல்வது நவீன அவிசுவாசம் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். இதை முதலில் வாதிட்டவர் கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தத்துவஞானி போர்பிரி. அவர் கிறிஸ்தவத்தை எதிர்த்தவர் என்பது உண்மைதான். அவருடைய நூல்களைக் கிறிஸ்தவப் பேரரசர்கள் எரிக்கச் செய்தார்கள். ஆனாலும் தம் தானியேல் விளக்கவுரையில் அவருக்கு மறுப்பு எழுதிய சபைப் பிதா ஜெரோமே 11-ஆம் அதிகாரத்தின் முற்பகுதி தாலமிகளையும் செலூக்கியரையும் பற்றியது என்பதில் அவரோடு உடன்படவேண்டியிருந்தது. அந்த உரை நம் கையில் இருப்பதால்தான் போர்பிரி சொன்னதையும் நாம் அறிகிறோம்.

காலத்தைச் சொல்லிக்கொடுப்பது புத்தகமேதான். 39-ஆம் வசனம்வரை அந்தியோக்குவின் நடவடிக்கைகளை இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொண்டு வந்த அதிகாரம், 40-ஆம் வசனத்தில் அவன் எகிப்தின்மேல் மறுபடி படையெடுத்து வெல்வான் என்றும், கடலுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் இடையே கூடாரம் போட்டு அங்கே முடிவடைவான் என்றும் சொல்கிறது. அப்படி நடக்கவில்லை. மூன்றாம் முறை எகிப்துப் படையெடுப்பே இல்லை, கி.மு. 164-இன் கடைசியில் பெர்சியப் பக்கம் போன இடத்தில் நோயுற்று இறந்தான். கையெழுத்து எந்த வசனத்தில் கடந்தகாலத்திலிருந்து எதிர்காலத்துக்குத் திரும்புகிறது என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. எழுதியவர் கி.மு. 164-இன் முடிவைப் பார்க்குமுன் எழுதுகிறார். நடக்காததை 2000 ஆண்டு தள்ளிப்போட்டு, இனிமேல் வரப்போகிற ஒருவன் தலையில் வைப்பதைவிட, நடக்கவில்லை என்று நேராகச் சொல்வதே வேதத்துக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன்.

‘அப்படியானால் பாபிலோனின் தானியேல் பெயரில் பொய் எழுதினார்களா’ என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். அகத்தியர் பெயரில் எத்தனை மருத்துவ நூல்களும் சோதிட நூல்களும் நம்மிடம் வழங்குகின்றன என்று அவளிடம் கேட்டேன். பழைய ஞானியின் வாயில் தன் காலத்துக்குரிய சொல்லை வைப்பது, அந்த ஞானியின் மரபுக்குத் தன்னை ஒப்படைப்பது; ஏமாற்று என்று அன்று யாரும் அதை எண்ணவில்லை. யூதர்கள் ஏனோக்கின் பெயரிலும் எஸ்றாவின் பெயரிலும் அப்படியே எழுதினார்கள். ‘முடிவுகாலமட்டும் புத்தகத்தை முத்திரைபோடு’ என்று 12-ஆம் அதிகாரம் சொல்வது, இவ்வளவு காலம் இது ஏன் வெளியே வரவில்லை என்ற கேள்விக்கு அந்த இலக்கிய மரபு சொல்லும் பதில். கி.மு. 180 அளவில், ஏனோக்கு முதல் நெகேமியா வரை முன்னோர்களை வரிசையாகப் புகழ்ந்து பாடிய எருசலேம் ஞானி பென் சீரா, ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிரு தீர்க்கர் எல்லாரையும் சொல்லித் தானியேலை மட்டும் சொல்லவில்லை. எபிரெய வேதமும் தானியேலைத் தீர்க்கதரிசிகளின் பகுதியில் வைக்கவில்லை. சங்கீதம், யோபு, எஸ்தரோடு ‘எழுத்துகள்’ பகுதியில் வைத்திருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருகிறேன், ஏனெனில் மிகுந்த சேதம் எண்களால்தான் நடந்திருக்கிறது. 8-ஆம் அதிகாரத்தின் 2300 ‘இராப்பகல்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். எபிரெயத்தில் அது ‘மாலை, காலை’. கேள்வியோ அன்றாட பலியைப் பற்றியது. அந்தப் பலி நாள்தோறும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருமுறை செலுத்தப்பட்டது. ஆகவே செலுத்தப்படாமல் போன 2300 பலிகள் என்றால் 1150 நாட்கள், மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். நின்றுபோன ஒவ்வொரு பலியையும் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். இதையே வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் போதகர் 2300 ஆண்டுகள் என்று எடுத்துக்கொண்டு, கி.மு. 457-இலிருந்து கணக்குப் போட்டார். அவரைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று இரவெல்லாம் காத்திருந்து, விடியற்காலையில் அழுதார்கள்.

12-ஆம் அதிகாரத்தின் கடைசியில் 1290 நாள் என்று ஒரு வசனமும், அதற்கு அடுத்த வசனத்திலேயே காத்திருந்து 1335 நாள் மட்டும் சேருகிறவன் பாக்கியவான் என்று இன்னொன்றும் நிற்கின்றன. இந்த 45 நாள் வித்தியாசத்துக்கு நம் விளக்கப் படங்களில் நியாயத்தீர்ப்பு, ராஜ்யத்தின் ஆயத்தம் என்று பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அங்கே தெரிவது ஒரு மனிதர். எண்ணிய நாள் கடந்துபோனது, முடிவு வரவில்லை. பழைய எண்ணை அழிக்காமல், பக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று எழுதுகிறார். என் அப்பா பெயர்களின்மேல் போட்ட கோடுகளை அதற்கு முன்போ பின்போ நான் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை.

9-ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. அது எரேமியாவின் 70 ஆண்டுகளைத் தன் காலத்துக்கு நீட்டி வாசித்த வாசிப்பு. சங்கரிக்கப்படும் அபிஷேகம்பண்ணப்பட்டவர் கி.மு. 171 அளவில் கொலையுண்ட பிரதான ஆசாரியர் மூன்றாம் ஓனியா என்பதே அந்தச் சூழலில் பொருந்துகிறது. 69-ஆம் வாரத்துக்கும் 70-ஆம் வாரத்துக்கும் நடுவே 2000 ஆண்டு இடைவெளியைச் செருகும் முறையை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி பரப்பினார். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் வேதாகமக் குறிப்புகள் வழியாக அது உலகெங்கும் போயிற்று. அதைத் தலைமுறை தலைமுறையான விசுவாசம் என்று நம் மக்களிடம் சொல்லாதீர்கள். அதேபோல் 2-ஆம் அதிகாரச் சிலையின் ‘பத்து’ விரல்களையும் விட்டுவிடுங்கள். அந்த அதிகாரத்தில் விரல்கள் உண்டு, பத்து என்ற எண்ணே இல்லை. 1981-இல் கிரீஸ் சேர்ந்து ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள் ஆனபோது தீர்க்கதரிசனம் நிறைவேறிற்று என்றார்கள். 1986-இல் பன்னிரண்டு ஆயிற்று, இன்று இருபத்தேழு. இரும்பும் களிமண்ணும் சம்பந்தம் கலந்தும் ஒட்டாமற்போவது, பெரனீக்கேயும் கிளியோபாத்ராவும் கட்டிக்கொடுக்கப்பட்ட கதையை அறிந்தவர்களுக்கு உடனே புரியும்.

பின்வந்தவர்கள் இந்தத் தரிசனங்களைத் தங்கள் காலத்துக்கு எடுத்து வாசித்ததை நான் குறைசொல்லவில்லை. கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை அழித்தபின், எஸ்றாவின் பெயரில் எழுதிய ஒரு யூதர் நான்காம் ராஜ்யத்தை ரோம் என்று வாசித்தார். ஆனால் அவர் அதை எப்படிச் செய்தார் என்று கவனியுங்கள்: உன் சகோதரன் தானியேலுக்குத் தரிசனத்தில் தோன்றிய நான்காம் ராஜ்யம் இதுதான், ஆனால் நான் இப்போது உனக்கு விளக்குவதுபோல் அது அவனுக்கு விளக்கப்படவில்லை என்று தூதன் சொல்வதாக எழுதுகிறார். தன் வாசிப்பு புதியது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆண்டவரும் பாழாக்குகிற அருவருப்பைத் தம் காலத்து எருசலேமுக்கு எடுத்துச் சொன்னார். அந்த இடத்திலேயே ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மேடைகளில் யூதர்கள் மனிதர்களாகப் பேசப்படுவது அரிது. அவர்கள் கடைசிக்காலக் கடிகாரத்தின் முள். அவர்கள் நாட்டில் குண்டு விழுந்தால் நமக்கு ஓர் அடையாளம் நிறைவேறுகிறது. தானியேல் அவர்களுடைய புத்தகம், அவர்களுடைய செத்தவர்களுக்காக எழுதப்பட்டது. பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்களில் அநேகர் விழித்தெழுந்திருப்பார்கள் என்ற வசனம், எபிரெய வேதத்தில் உயிர்த்தெழுதலை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் முதல் இடம், அந்தக் குகையில் மாண்டவர்களுக்கும் கழுத்தில் குழந்தையோடு மாண்ட தாய்மாருக்கும் சொல்லப்பட்ட பதில். முடிவைக் கணக்கிடுகிறவர்களின் எலும்புகள் உலர்ந்துபோகட்டும் என்று யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு ரபி கடிந்துகொண்டதற்கு அவரே சொன்ன காரணம், குறித்த நாளில் மேசியா வராவிட்டால் இனி வரவேமாட்டார் என்று மக்கள் சொல்லிவிடுவார்கள் என்பது. என் அக்காள் மகன் இன்று கோயிலுக்கு வருவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. தானியேல் வகுப்பு எடுக்கும்போது மக்கபேயர் முதல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களையாவது கத்தோலிக்க நண்பரிடமிருந்து கடன் வாங்கி, மக்கள் காதுகேட்க வாசியுங்கள். கொம்புக்கு இன்றைய தலைவர் ஒருவரின் பெயரை வைக்குமுன், இதற்கு முன் வைத்துத் தவறிப்போன பெயர்களையும் அதே மேடையில் சொல்லுங்கள். வேதாகமக் கல்லூரி ஆசிரியர்கள், நீங்கள் வகுப்பறையில் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதைச் சபையில் சொல்லத் தயங்குகிறீர்கள் என்பதை நான் அறிவேன். மக்கள் தாங்கமாட்டார்கள் என்பது உங்கள் பயம். என் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்குகிறார்கள்.

யோவான் 10-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது என்று ஒரு வசனம் நம்முடைய வேதாகமத்திலேயே இருக்கிறது. என்ன பண்டிகை, எந்தப் பிரதிஷ்டை என்று எனக்குச் சிறுவயதில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தியோக்குவின் படைகளை எதிர்த்துப் போராடிய யூதா மக்கபேயும் அவன் ஆட்களும் அழுக்கான பலிபீடக் கற்களைப் பெயர்த்தெடுத்து, புதிய கற்களால் பலிபீடம் கட்டி, கி.மு. 164 கிஸ்லேயு 25-இல் மறுபடி காலைப் பலியைச் செலுத்திய நாளின் நினைவு அது. யூதர்கள் இன்றும் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்கா. இந்த ஆண்டு நம் கிறிஸ்து பிறப்புக் கீதபவனிகள் தொடங்குமுன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குவீர்களானால், தானியேல் 11-ஐயும் மக்கபேயர் முதல் அதிகாரத்தையும் எதிரெதிர்ப் பத்தியாக நான் எழுதிவைத்திருக்கும் தாள்களை நகலெடுத்துக்கொண்டு, எந்தச் சபையானாலும் வந்து உட்காருகிறேன். சுவரில் மாட்டும் வரைபடமும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆண்டவருக்குள் உங்கள் சகோதரி,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி,
பாளையங்கோட்டை